அடுப்பு என்று நான் எழுதிய இடம்

என்னை வழியனுப்புவதற்காக வேலையிடத்துக்குப் பக்கத்து பப்பில் கூடியபோது, எல்லோரும் கேட்கிற கேள்வியைத்தான் அவர்களும் கேட்டார்கள். இருபது வருடத்துக்கு மேலாக லண்டன் நிலத்தைத் தோண்டினீர்களே, கண்டெடுத்ததில் பெரிய பொருள் எது? நான் கறுத்த மண் என்றேன். பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேருக்கு அடுத்த மாதம் வேலை இல்லை. இந்த 2009 அப்படிப்பட்ட ஆண்டு. பழைய நகரத்தில் புதுக் கட்டடம் எழும்புவதற்கு முன், அந்த நிலத்துக்குள் என்ன கிடக்கிறது என்று தோண்டிப் பதிவு செய்வது எங்கள் தொழில். கட்டடக்காரர்கள் கையை விரித்தால் எங்கள் கையும் சும்மா இருக்க வேண்டியதுதான்.

நோரா என்ற பெண் மட்டும் சிரிக்கவில்லை. அந்த மண்ணைப் பற்றி எழுதுங்கள் என்றாள். அவள் அயர்லாந்துக்காரி, தமிழ் வாசிக்கமாட்டாள். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்தில் நில அளவைத் திணைக்களத்தில் அளவைக்கோல் பிடித்தவன். எண்பதுகளின் நடுவில் லண்டன் வந்து, எங்கள் ஆட்கள் எல்லோரையும் போலப் பெற்றோல் ஷெட்டில் நின்றேன். சேற்றுச் சப்பாத்தோடு எண்ணெய் அடிக்க வந்த ஒருவர், மட்டம் பார்க்கத் தெரிந்த ஆள் தேவை என்று வேறு யாருக்கோ சொன்னது காதில் விழுந்தது. எனக்குத் தெரியும் என்றேன். கோல் பிடிக்கப் போனவன் கையில் ஒரு நாள் சாந்தகப்பையைக் கொடுத்தார்கள், மேசன்மார் சாந்து பூசுகிற அதே சாமான். அதைப் பிடித்து மண்ணைச் சுரண்டிச் சுரண்டி முழங்கால் தேய்ந்துபோனது. பயிற்சிக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

மிச்சத்தை எனக்குப் பழக்கியவர் மார்கரெட். எங்கள் அகழாய்வுகளின் மேலாளர். என்னைவிட வயதில் சற்று இளையவர். ஆண்கள் போடுகிற ஒரு பழைய கம்பளிக் கோட்டை மாரியிலும் கோடையிலும் போட்டிருப்பார். மற்றவர்கள் எனக்கு வாய்க்கு வந்தபடி பெயர் வைத்தார்கள், அவர் மட்டும் இரத்தினசிங்கம் என்று முழுதாகச் சொல்வார். அதைச் சரியாகச் சொல்லும்வரை இரண்டு நாள் என்னைக் கூப்பிடவே இல்லை என்று பிறகு அறிந்தேன்.

அவர் யாருடைய பிழையையும் பிழை என்று சொன்னதில்லை. உங்கள் குழிக்குப் பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து தேநீர் குடிப்பார். குடித்து முடியும்வரை குழியைப் பார்ப்பார், வாய் திறக்கமாட்டார். அந்த மௌனத்தில் நாங்களே பிழையைக் கண்டுபிடித்துவிடுவோம். கண்டுபிடிக்காத மண்டைகளுக்கு மட்டும், "கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்களேன்" என்பார். காய்ந்த மண் எல்லாம் ஒரே நிறம். நனைத்தால்தான் ஒரு காலத்து மண்ணும் இன்னொரு காலத்து மண்ணும் பிரிந்து தெரியும்.

ஒவ்வொரு மண்படைக்கும் ஒரு தாள் உண்டு. தாளின் நடுவில் ஒரு கோடு. கோட்டுக்கு மேலே கண்ணால் கண்டதை எழுத வேண்டும்: நிறம், இறுக்கம், உள்ளே கலந்து கிடப்பவை. கோட்டுக்குக் கீழே, அது என்னவென்று நாம் நினைப்பதை எழுதலாம். நினைப்பதைக் கொண்டுபோய் மேலே எழுதினால் மார்கரெட்டுக்குப் பிடிக்காது. பிழையாக எழுதியதை அழித்தால் அதுவும் பிடிக்காது. ஒற்றைக் கோடு போட்டு வெட்ட வேண்டும், வெட்டியது வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். நாம் எந்த வழியால் பிழைவிட்டோம் என்று பின்னால் வருகிறவர்கள் அறியட்டும் என்பார்.

கறுத்த மண்ணுக்கு வருகிறேன். லண்டனின் பழைய நகரப் பகுதியில் தெருவிலிருந்து கீழே இறங்கினால் முதலில் விக்ரோறியா காலத்துச் செங்கல், பிறகு நடுக்காலத்துக் குப்பைக் குழிகள். அதற்குக் கீழே பல இடங்களில் இடுப்பளவுக்குக் கறுத்த மண். அதற்கும் கீழே ரோமருடைய நகரம். எங்களுக்கு முந்திய அகழாய்வுப் பெரிய தலைகள் இந்தக் கறுத்த மண்ணை இயந்திரத்தால் வழித்துக் கொட்டிவிட்டு நேரே ரோமரிடம் போய்விடுவார்களாம். அதற்குள் சுவரும் இல்லை, காசும் இல்லை, ஒன்றுமில்லாத மண் என்று பெயர். அந்த ஒன்றுமில்லாத மண்தான் ரோமப் பேரரசு போன பிறகு இங்கே சீவித்த சனம்.

பள்ளிக்கூடத்தில் பேரரசு விழுந்தது என்று படித்தோம். விழுந்தால் சத்தம் கேட்டிருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். மண்ணில் அப்படி எதுவும் இல்லை. முதலில் காசு வருவது நிற்கிறது. அது படைக்குச் சம்பளமாகக் கடல் கடந்து வந்த காசு. படையின் சம்பளம் நின்றால் சந்தை படுத்துவிடுகிறது. சந்தை இல்லாத குயவனுக்குச் சூளை எதற்கு? ஒரு தலைமுறை, இரண்டு தலைமுறைக்குள் சக்கரத்தில் பானை வனைகிற கை இந்த நாட்டில் இல்லாமல் போகிறது. ஆணி அடிக்கிறவன் இல்லாமல் போகிறான். ஆணி போனதும் சப்பாத்தின் அடி மாறுகிறது, சவப்பெட்டி மாறுகிறது. கூரை ஓடு உடைந்தால் மாற்ற ஓடு இல்லை, வைக்கோல் வேய்கிறார்கள். கல்வீட்டுக்காரரின் பேரப்பிள்ளைகள் மரத்திலும் வரிச்சிலும் வீடு கட்டி, மரத்தட்டில் சாப்பிட்டு, தோட்டம் கொத்தி, மாடு வளர்த்துச் சாகிறார்கள். அவர்களிடம் இருந்ததெல்லாம் உக்கக்கூடியவை. உக்கி, மண்புழு கலக்கி, எல்லாம் சேர்ந்து கறுத்த மண் ஆகிவிட்டது. ஒன்றுமில்லை என்று நாம் சொல்வது அவர்களுடைய முழுச் சீவியத்தை.

ஒருமுறை அந்தக் காலத்து அடுப்படிப் பானை ஒன்று எனக்குக் கிடைத்தது. சாம்பல் நிறத்தில், ரோமர் காலத்தில் ஒரு மூலையில் எறிந்துவிடக்கூடிய மலிவுப் பானை. வெடித்த இடத்தில் துளை போட்டு ஈயக் கம்பியால் தைத்திருந்தார்கள். நாலைந்து இடத்தில் தையல். புதுப் பானை இனி வராது என்று தெரிந்துகொண்ட ஒருவர் அதைத் தைத்திருக்கிறார். அந்தப் பானையை நான் தூரிகை போடாமல் விரலால் கழுவினேன்.

அதிகாரம் எப்படிக் கைமாறியது என்பதையும் மார்கரெட் எனக்கு ஒரு ஓட்டையில்தான் காட்டினார். ஆற்றங்கரைப் பக்கத்தில் ஒரு பெரிய ரோம வீடு. விருந்து மண்டபத்தில் டொல்பின் போட்ட மொசைக் தரை. பத்திரிகைக்காரர்கள் வந்து டொல்பினைப் படம் எடுத்தார்கள். மார்கரெட் மட்டும் அந்தத் தரையில் வரிசையாகக் கிடந்த ஓட்டைகளுக்குப் பக்கத்தில் போய் வாளியில் உட்கார்ந்துகொண்டார். பேரரசு போன பிறகு யாரோ டொல்பினின் முதுகைக் குத்தித் தூண் நட்டிருக்கிறார்கள். ஓட்டைகளைச் சுற்றிக் கருகிய தானியம். விருந்து மண்டபம் நெற்கட்டு மாதிரி ஒரு தானியக் களஞ்சியமாகிவிட்டது.

முன்பு அங்கே விருந்து வைத்தவன் வரி வாங்குகிற அதிகாரி. அவனுடைய பலம் தூரத்திலிருந்து வந்த முத்திரையில் இருந்தது. முத்திரை அனுப்புகிறவர் இல்லாமல் போனதும், தானியம் எவனுடைய கூரைக்குக் கீழே இருக்கிறதோ அவன் பெரியவனாகிவிட்டான். அவனுக்கு டொல்பின் வேண்டாம், வாசலில் நிற்க நாலு ஈட்டிக்காரர் வேண்டும். அந்த நாலு பேருக்குச் சோறு போட்டே அவன் சிற்றரசனானான். "இந்த ஓட்டையைப் போட்டவனைக் காட்டுமிராண்டி என்று எழுதுவார்கள்" என்றார் மார்கரெட். "அவனுக்குப் பின்னால் ஒரு ஊர் பசியோடு நின்றதை எழுதமாட்டார்கள்."

இதையெல்லாம் நான் மண்ணில் படித்துக்கொண்டிருந்த அதே காலத்தில் என் தங்கை தவம் அதைத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரே தங்கை. கலியாணம் கட்டி வன்னிக்குப் போனவள். புருஷன் குகன் அங்கே ஓர் அரசாங்க அலுவலகத்தில் கிளாக்கர். இரண்டு பிள்ளைகள். ஒரு காலத்தில் குகனின் கையெழுத்துக்காகச் சனம் வீட்டு வாசல் படலையில் காத்துக் கிடந்தது. பிறகு சண்டை நெருங்க நெருங்க அலுவலகம் ஒவ்வோர் ஊராக இடம்பெயர்ந்தது. முத்திரையும் மைப்பெட்டியும் குகனுடன் கூடவே போயின, அவற்றின் மதிப்புத்தான் கூடப் போகவில்லை.

"அண்ணை, இப்ப இஞ்ச பெரிய மனிசன் ஆரெண்டால் ட்ராக்டர் வைச்சிருக்கிற ஆள்" என்று ஒருமுறை சொன்னாள். "அதுக்கடுத்தது கிணறு வைச்சிருக்கிற ஆள். உங்கட மச்சான் மூண்டாவதாயும் இல்லை." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அடுத்த சில மாதத்தில் ட்ராக்டருக்கு எண்ணெய் இல்லாமல் போயிற்று. கூரையாகக் கட்டத் தறப்பாள் வைத்திருக்கிறவர் பெரியவரானார். நான் லண்டன் கிங்ஸ்பரியில் எங்கள் வீட்டு ஹோலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். இதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், அதை அவளிடம் சொல்ல வாய் வராது.

மாசி மாதம் கடைசியாகக் கூப்பிட்டாள். யாருடைய போனோ. அவளுக்கு மனப்பாடமான ஒரே நம்பர் எங்கள் வீட்டு நம்பர்தான். பின்னால் சனத்தின் இரைச்சல், குழந்தைகளின் அழுகை, தூரத்தில் வெடி.

"அண்ணை, திரும்ப இடம் மாறிட்டம். இஞ்ச எங்க பாத்தாலும் மணல். அடுப்புக்கு மூண்டு கல்லுத் தேடவேணும். வைக்கிறன், பிறகு எடுக்கிறன்."

பிறகு எடுக்கவில்லை.

அந்த வசந்தத்தில்தான் என் கடைசி அகழாய்வு நடந்தது. கட்டட முதலாளிகளுக்குப் பொறுமை போய்விட்டது. எங்கள் மேலிடமும் கறுத்த மண்ணைப் பெக்கோ இயந்திரத்தால் அள்ளிவிட்டு ரோமத் தரையை மட்டும் பாருங்கள் என்று சொல்லிவிட்டது. மார்கரெட் சண்டை பிடித்தார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். கடைசியில் ஒரு பெரிய ரோம அறையின் ஒரு மூலையை மட்டும் கையால் தோண்டலாம், அதுவும் வெள்ளிக்கிழமைவரை என்று இறங்கி வந்தார்கள். அந்த மூலையை மார்கரெட் எனக்குத் தந்தார்.

பகலில் அந்த மூலையில் முழங்காலில் இருப்பேன். வேலை முடிய, மண் அப்பிய சப்பாத்தோடு வெஸ்ட்மின்ஸ்டருக்குப் போவேன். போரை நிறுத்தச் சொல்லிப் பாராளுமன்றத்துக்கு முன்னால் எங்கள் சனம் கொட்டும் மழையிலும் நின்றது. ஹரோவிலும் விம்பிள்டனிலும் வருடக்கணக்காகக் காணாத முகங்களை அங்கே கண்டேன். ஒருவரை ஒருவர் கண்டால் சுகம் விசாரிப்பதில்லை. ஏதேனும் தெரிய வந்ததா என்பதுதான் ஒரே விசாரிப்பு. தெரிய வரவில்லை என்பதுதான் ஒரே பதில்.

அந்த வாரத்தின் நடுவில், விழுந்து நொறுங்கிய கூரை ஓடுகளுக்குக் கீழே, ரோமரின் சாந்துத் தரையில் அதைக் கண்டேன். மூன்று தட்டைச் செங்கற்கள். செங்குத்தாக, ஒன்றையொன்று பார்த்தபடி, முக்கோணமாக நட்டிருந்தன. நடுவில் சாம்பலும் கரியும். தண்ணீர் தெளிக்கவில்லை, யோசிக்கவில்லை. தாளை எடுத்துக் கோட்டுக்கு மேலேயே அடுப்பு என்று எழுதினேன்.

அப்போது என் மனதில் ஓடியதை ஒளிக்காமல் சொல்கிறேன். பேரரசும் போய், படையும் போய், கூரையும் பாதி போன ஒரு மண்டபத்துக்குள் ஒரு பெண் மூன்று கல் வைத்துச் சமைத்திருக்கிறாள். அவளால் ஏலுமென்றால் தவத்தாலும் ஏலும். இது அடுப்பென்றால் தவம் உயிரோடு இருக்கிறாள். கோயிலில் நேர்த்தி வைக்கிற மாதிரி அந்தச் செங்கல்லுக்கு முன்னால் அப்படி ஒன்றை மனதில் கட்டிவிட்டேன். மண்ணைத் தவிர வேறெதையும் நம்பாதவன் என்று பெயரெடுத்த ஆள் நான்.

மார்கரெட் வந்து தாளை வாசித்தார். வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தார். தேநீர் முடிந்தது. எனக்குப் பிழை தெரியவில்லை, தெரிய விருப்பமும் இல்லை.

"கோட்டுக்கு மேலே எழுதியிருக்கிறீர்கள்" என்றார். பிறகு, "தரை சிவந்திருக்கிறதா?" என்று கேட்டார்.

அதுதான் சோதனை. ஓரிடத்தில் திரும்பத் திரும்ப நெருப்பு மூட்டினால் கீழே உள்ள சாந்துத் தரை வெந்து சிவக்கும். சாம்பலைப் பாதியாக வெட்டி ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். சாம்பலை எடுக்காமல் நான் ஒரு நாளைக் கடத்தினேன். சுற்றித் துப்புரவாக்கினேன். படம் எடுத்தேன். வரைந்தேன். வரைந்ததையே திரும்ப வரைந்தேன். வெள்ளிக்கிழமை மார்கரெட்டின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது, ஆனாலும் அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லி அவசரப்படுத்தவில்லை. பொறுக்கமாட்டாமல் நானே தவத்தைப் பற்றிச் சொன்னேன். மூன்று கல்லைப் பற்றியும் சொன்னேன். அதுவரை வேலையிடத்தில் ஒருவருக்கும் அதைச் சொன்னதில்லை.

அவர் போய்த் தன் சாந்தகப்பையை எடுத்துவந்து எனக்கு எதிரே முழங்காலில் இருந்தார். "பாதியைத்தான் எடுக்கப்போகிறோம். மற்றப் பாதி நிற்கும்" என்றார். ஆஸ்பத்திரியில் ஊசி போடுவதற்கு முன் தாதி சொல்கிற மாதிரி இருந்தது.

சாம்பலை எடுத்தேன். நாலு விரல் ஆழத்தில் தரை தட்டுப்படும் என்று கை எதிர்பார்த்தது. தட்டுப்படவில்லை. கை இறங்கிக்கொண்டே போயிற்று. அங்கே தரையே இல்லை. தரையை வெட்டி ஒரு குழி தோண்டியிருந்தார்கள். வெட்டிய விளிம்பு வெள்ளையாக, சிவப்பின் சாயலே இல்லாமல் இருந்தது. குழிக்குள் கரி நிமிர்ந்து நின்றது. மரத்தின் நார் மேலிருந்து கீழாக ஓடியது. ஒரு தூண் நட்டு, அது ஆடாமல் இருக்க மூன்று செங்கல்லைச் சுற்றிச் செருகியிருக்கிறார்கள். பிறகு தூண் எரிந்திருக்கிறது. என் இடத்தில் ஓர் இங்கிலீஷ் பெடியன் இருந்திருந்தால் முதல் பார்வையிலேயே தூண்குழி என்று எழுதியிருப்பான். மூன்று கல்லைக் கண்டவுடன் அடுப்பு என்று நினைக்க எங்கள் ஆட்களால்தான் முடியும்.

நான் குழியின் விளிம்பில் இருந்து அழுதேன். அத்தனை வருட வேலையில் அழுதது அன்றுதான். மற்றவர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு மண் சுரண்டினார்கள். மார்கரெட் வாளியில் உட்கார்ந்திருந்தார். கையில் தேநீர் இல்லை.

"இரத்தினசிங்கம்" என்றார். "இங்கே அடுப்பு இல்லை. அவர்கள் சமைக்கவில்லை என்று அதற்கு அர்த்தமில்லை. இந்த இடத்தில் சமைக்கவில்லை, அவ்வளவுதான் நமக்குத் தெரியும்."

நான் கேட்காமலே இன்னும் ஒன்று சொன்னார். இடிகிற கூரைக்கு முட்டுக்கொடுத்தவர்கள் அங்கேயே இருக்க நினைத்தவர்கள். கூரை விழுந்த இடத்தில் எலும்பு இல்லை. எழும்பி நடந்துபோய்விட்டார்கள் என்று சொல்லத் தனக்கும் ஆசைதான், ஆனால் அதை எழுத ஏலாது என்றார். தாளை என்னிடம் தந்தார். அடுப்பு என்ற சொல்லை ஒற்றைக் கோட்டால் வெட்டினேன். கண்டதை மேலே எழுதினேன். கோட்டுக்குக் கீழே தூணுக்கு முட்டு என்று எழுதினேன். அங்கே இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்பதற்கு, தெரியவில்லை என்று எழுதினேன். மார்கரெட் வாசித்துக் கையொப்பம் வைத்தார்.

திங்கட்கிழமை பெக்கோ வந்தது. அறையின் மிச்சம் முழுவதும், எங்கள் மூலையைப் போலப் பல மடங்கு, கறுத்த மண்ணாக அள்ளிப் போனது. நான் விளிம்பில் நின்று, எங்காவது ஒரு சாண் தரை சிவந்து தெரிகிறதா என்று பார்த்தேன். இயந்திரம் அள்ளுகிற வேகத்தில் கண்ணுக்கு ஒன்றும் பிடிபடாது. எந்தச் சனத்தின் காலத்தைக் கையால் தோண்டலாம், எதை வாரிக் கொட்டலாம் என்று தீர்மானிக்கிறவர்கள் எந்தக் காலத்திலும் குழிக்கு வெளியேதான் நிற்கிறார்கள். எனக்கு அந்த ஆத்திரம் இன்னும் போகவில்லை.

வைகாசியில் எல்லாம் முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சி சொன்னது. வன்னியிலிருந்து தப்பி முகாமுக்கு வந்தவர்களின் சொந்தக்காரர் ஒவ்வொருவரையும் தேடிப் பிடித்து விசாரித்தேன். தவத்தையும் குகனையும் பிள்ளைகளையும் உயிரோடு கண்டதாக ஒருவரும் சொல்லவில்லை. செத்துக் கிடக்கக் கண்டதாகவும் ஒருவரும் சொல்லவில்லை. ஆடியில் நான் ஓய்வு பெற்றேன். பப், நோராவின் கேள்வி எல்லாம் அப்போதுதான். மார்கரெட்டும் அன்று வந்திருந்தார். விடைபெறும்போது தவத்தின் பெயரை முழுதாக, தவமலர் என்று சொல்லி விசாரித்தார். அதையும் பழகிக்கொண்டுதான் வந்திருப்பார்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடராசா அண்ணை ஹரோவிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தார். குகனின் தமையன். நல்ல மனிதர், என்னைவிட மூத்தவர், தம்பியை வளர்த்துப் படிப்பித்தவர். உட்கார்ந்ததும் சொல்லிவிட்டார். கோயில் ஐயரிடம் நாள் கேட்டு வந்திருக்கிறார். நாலு பேருக்குமாகச் சேர்த்து, செத்தவர்களுக்குச் செய்கிற அந்தியேட்டிக் கிரியையைச் செய்து முடிப்போம் என்றார். குகனுக்கும் பிள்ளைகளுக்கும் செய்ய அவர் இருக்கிறார், தவத்துக்குச் செய்ய நான் இருக்க வேண்டும். அந்தக் கிரியை செய்தால் தவம் செத்தவள். பிறகு அவள் படத்துக்கு மாலை போட வேண்டும், விளக்கு வைக்க வேண்டும், வருடா வருடம் திதி.

"கண்டனீங்களோ, அண்ணை?" என்று கேட்டேன். வேலைக் குரல் வந்துவிட்டது.

அவர் கோபிக்கவில்லை. "காணேல்லை தம்பி. ஆனால் பசியோட போனவை. கடைசி மாதங்களில கஞ்சிதானே அதுகளுக்கு. அங்கயும் பசியோட அலையாமல் ஒருக்கா வயிறு நிறைய வைச்சுவிடுவம்." மார்கரெட்டிடம் கற்றது எதுவும் இந்தப் பசிக்கு முன்னால் நிற்காது போலிருந்தது. ஒரு கணம் சரி என்று சொல்லியிருப்பேன்.

ராணி, என் மனைவி, சாப்பிட வரச் சொன்னாள். மூன்று பேரும் இருந்து சாப்பிட்டோம். சோறும் மரக்கறியும் ஒரு மீன்குழம்பும். சாப்பிட்டு முடிந்த பிறகு நடராசா அண்ணை அடுப்பில் இருந்த பானைக்குள் எட்டிப் பார்த்தார். சோறு நிறைய மிச்சம் கிடந்தது. வேறு ஆரும் வருகினமோ என்று ராணியிடம் கேட்டார்.

ராணி என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன். எங்கள் வீடுகளில் சொல்லாமல் வருகிறவர்களுக்கென்று ஒரு பிடி அரிசி கூடப் போடுகிற வழக்கம்தானே. மாசியிலிருந்து ராணி ஒரு சுண்டு அரிசி கூடப் போடுகிறாள், தவம் வீட்டு நாலு பேருக்கும் போதக்கூடியதாக. தூண்குழியைப் பற்றியும், இந்த இடத்தில் சமைக்கவில்லை என்பது மட்டும்தான் தெரியும் என்று மார்கரெட் சொன்னதைப் பற்றியும் அவருக்குச் சொன்னேன். அவர் தலையாட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"செத்தவைக்கு எண்டால் சோத்தைக் காகத்துக்கு வைக்கவேணும், அண்ணை" என்றேன். "வாறவைக்கு எண்டால் அது பானைக்குள்ள இருக்கவேணும். எதெண்டு எனக்குத் தெரியேல்லை. தெரியிற வரைக்கும் பானைக்குள்ளயே இருக்கட்டும்."

நடராசா அண்ணை திரும்பவும் பானைக்குள் பார்த்தார். பிறகு தானே மூடியை எடுத்து அதை மூடினார். கை கழுவி, கோட்டைப் போட்டுக்கொண்டு, ஐயர் குறித்துக் கொடுத்த நாளைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல் ட்ரெயினுக்குப் போனார்.

வீட்டு நம்பரை மாற்றாமல் வைத்திருக்கிறோம். தவத்தின் படத்துக்கு மாலை இல்லை. இரவில் அந்தச் சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றி வைப்பதும் காலையில் அதைச் சாப்பிடுவதும் இப்போது என் வேலை. அவர்கள் நேற்றும் வரவில்லை என்பதை ஒவ்வொரு காலையும் சாப்பிட்டுத்தான் அறிந்துகொள்கிறேன். நான் சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வைப்பதற்குள் ராணி அடுத்த உலைக்கு அரிசி அளந்துவிடுவாள்.